முதல் ஆங்கில நாவல்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி எனப் படித்து வந்த நம்மில் பலருக்கு ஆங்கில நாவல் என்றாலே தயக்கம். ஆனால், பல்கலைக்கழகத்தில் பாடநூல்கள் ஆங்கிலத்தில் குவிகின்றன. சொல்வளம் இல்லாமல் முடியாது.

நாவலின் சொற்களில் 98 விழுக்காட்டை அறிய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-இல் பால் நேஷன் ஆய்ந்து எழுதினார். 'ஹெல்ப்', 'ஹெல்ப்பர்', 'ஹெல்ப்ஃபுல்' மூன்றும் ஒரே குடும்பம்.

எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். நமக்குப் பழகிய வாழ்க்கையைச் சொல்லும் நாவலில் தெரியாத சொல்லையும் சூழலே விளக்கிவிடும். அதனால், கே.எஸ்.மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981) நாவலைப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் மலேசியத் தமிழ்ச் சிறுவனின் கதை அது. அந்த வீட்டையும் பாட்டியையும் நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கவனம் முழுவதையும் மொழியில் வைக்கலாம்.

நான் பின்பற்றும் முறை இது:

1. அத்தியாயத்தை முதலில் அகராதியின்றிப் படிப்பேன்.
2. மூன்று முறை வந்த சொல்லுக்கு மட்டும் பொருள் தேடுவேன்.
3. சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதி, அதன் கருத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். தமிழில் சொல்ல வராவிட்டால், இன்னும் புரியவில்லை என்று பொருள்.

நாளுக்குப் பத்துப் பக்கம் போதும், நண்பர்களே. ஒரு பருவ விடுமுறைக்குள் முதல் நாவலை முடித்துவிடலாம்.