கவிழ்ந்த வண்டியும் உடைந்த தாழியும்

ஆங்கிலத்தில் 'அப்செட் தி ஆப்பிள் கார்ட்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஆப்பிள் வண்டியைக் கவிழ்த்தல்' என்றாகும். முறைப்பட வகுத்து, நிறைவேறும் நிலைக்கு வந்துவிட்ட திட்டத்தைக் குலைத்தல் என்பதே அதன் பொருள். மாணவர் இதனைத் தமிழாக்குங்கால் இருவகைப் பிழை செய்யக் காண்கிறோம். ஒருசாரார் பழத்தையும் வண்டியையும் அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்கின்றனர். மற்றொரு சாரார் எவ்விடத்தும் 'முட்டுக்கட்டை போட்டார்' என்று எழுதி முடித்துவிடுகின்றனர். முன்னது தமிழாகாது, பின்னது தமிழேயாயினும் பொருளாகாது.

இத்தொடரின் பழமையைச் சிறிது காண்போம். 1788ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பினை ஏற்பது பற்றி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மாநாடு கூடியது. ஒப்புதல் பெறவிருந்த வேளையில் சாமுவேல் ஆடம்ஸ் திடீரெனத் தாமே ஒரு திருத்தத்தை நுழைத்தார். அச்செயல் வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தது என்று ஜெரமி பெல்நாப் என்னும் வரலாற்றாசிரியர் அவ்வாண்டிலேயே எழுதினார். 'கவிழ்க்கப் பார்த்தது' என்பது கருதத்தக்கது. திருத்தம் நிற்கவில்லை, ஒப்புதல் கிடைத்தது. அதே நூற்றாண்டில் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியிலோ இச்சொல் ஒருவனை அடித்து வீழ்த்துதலைக் குறிக்கிறது. அங்கே மனித உடலே ஆப்பிள் வண்டி!

பெர்னார்ட் ஷா இத்தொடரையே தலைப்பாக்கி ஒரு நாடகம் எழுதினார். 1929இல் அது அரங்கேறியது. மன்னர் மாக்னசின் வாயைக் கட்டிப்போட அமைச்சரவை இறுதி எச்சரிக்கை விடுக்கிறது. மன்னர் அதனை எதிர்க்கவில்லை. 'முடி துறக்கிறேன், தேர்தலில் நிற்கிறேன்' என்று அமைதியாக அறிவிக்கிறார். மன்னராக இருந்து பேசுவதைவிட வேட்பாளராக நின்று பேசுவது எத்துணை ஆபத்து என்று உணர்ந்த பிரதமர், தம் எச்சரிக்கைத் தாளைத் தாமே கிழித்தெறிகிறார். வண்டி கவிழ்ந்துவிட்டது. ஆனால், கவிழ்த்தவர் கை வைத்ததாகவே தெரியவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர். இவ்வூர் வழக்கில் திட்டக் குலைவு என்றதும் நினைவுக்கு வருவது வண்டியன்று, மட்கலமே. 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல' என்பது யாவரும் அறிந்த பழமொழி. இதில் 'உடைந்தது' என்னும் வினையை உற்றுநோக்குக. 'உடைத்தான்' எனில் குற்றவாளி ஒருவன் உண்டு. 'உடைந்தது' எனில் எவனும் இல்லை. ஆங்கிலத் தொடரிலோ கவிழ்ப்பது எப்பொழுதும் ஒருவர் அல்லது ஒன்று. எனவே 'அவர் ஆப்பிள் வண்டியைக் கவிழ்த்தார்' என்பதற்குத் தாழிப் பழமொழியை இட்டால் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்ததாகும். நீதிமன்ற வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர் இங்கே தவறினால் விளைவு என்னாகும் என எண்ணிப் பாருங்கள்.

குற்றவாளி வேண்டுமெனில் வேறு பழமொழி உண்டு: 'குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை.' ஆக்குவோன் அருமையும் அழிப்போன் எளிமையும் ஒருங்கே அதில் உள்ளன. கடுவெளிச் சித்தரின் ஆண்டியோ குயவனிடம் பன்மாதம் வேண்டிப் பெற்ற தோண்டியைத் தானே கூத்தாடி உடைக்கிறான். தோண்டி என்றது உடலை. குரோஸ் அகராதியின் 'வண்டி'யும் சித்தரின் தோண்டியும் ஓரிடத்தில் வந்து சேர்வது வியப்பே.

'முட்டுக்கட்டை' வேறு. அது தேர்ச்சக்கரத்தின் அடியில் இடும் கட்டை. விருத்தகிரீசுவரர் கோயிலின் மாசி மகத் தேரோட்டத்தைக் கண்டவர் அறிவர்: கட்டை தேரை நிறுத்தும், திருப்பும், கவிழ்க்காது. எடுத்துவிட்டால் தேர் மீண்டும் ஓடும். ஆகவே தடைக்கு அது பொருந்தும், குலைவுக்குப் பொருந்தாது. 'பிழைப்பில் மண்ணைப் போடுதல்' என்பதோ வாழ்வாதாரம் இழந்தவர் வயிறெரிந்து சொல்வது. அரசியல் செய்திக்கு அது மிகை.

எடுத்துக்காட்டு ஒன்று. 2005இல் தொடங்கப்பெற்ற தே.மு.தி.க. 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்றது. அக்கட்சியில் வென்றவர், விருத்தாசலத்தில் நின்ற மறைந்த விஜயகாந்த் ஒருவரே. இதனை ஆங்கிலத்தில் ஆப்பிள் வண்டித் தொடரால் எழுதலாம். தமிழில் 'பழைய கட்சிகளின் கணக்கைப் பொய்யாக்கினார்' என்பதே இயல்பு. பழமும் இல்லை, தாழியும் இல்லை. பொருள் மட்டும் குறையவில்லை.

திட்டம் குலைவதற்குத் திருக்குர்ஆன் காட்டும் தோட்டக்காரர் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. 'அல் கலம்' அத்தியாயத்தில் (68:17-33) அது வருகிறது. ஏழை எவரும் வருமுன் விடியற்காலையில் கனிகளைப் பறித்துவிடுவதாகச் சத்தியம் செய்தவர்கள், இறைவன் நாடினால் என்று சொல்லவில்லை. இரவில் தோட்டம் அழிந்தது. காலையில் வந்தவர்கள் வழி தவறி வேறிடம் வந்தோமோ என மயங்கினர். இதனையும் 'ஆப்பிள் வண்டி கவிழ்ந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட முடியும், அது கொச்சையாகும். கனி இருப்பதனாலேயே உவமை பொருந்திவிடாது. அத்தொடரில் இலேசான நகை கலந்திருக்கிறது. தண்டனையைச் சொல்லும் இடத்தில் நகைக்கு இடமில்லை.

நிறைவாக மாணவர்க்கு ஒரு பயிற்சி. சூளையில் அடுக்கிய பொம்மைகளுள் ஒன்று சரியாக உலரவில்லை என்க. சூடு ஏற ஏற உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகிப் பொம்மை வெடிக்கும். சிதறும் துண்டுகள் அண்டையிலுள்ள பொம்மைகளையும் கெடுக்கும். இந்நிகழ்ச்சியை மும்முறை எழுதுக: முதலில் எவரையும் குறை கூறாமல், அடுத்து, உலர்த்தியவரைக் குறை கூறி, பின்னர், அவசரப்பட்டு அடுக்கச் சொன்ன முதலாளியைக் குறை கூறி. மூன்றிலும் வினைச்சொல் எங்ஙனம் மாறுகிறது எனக் காண்க.