பூஜை அறை ஸ்பீக்கர் ஏன் பாதியில் நிற்கிறது?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது வைஃபை ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது. அமேசான் எக்கோ 2017-லும் கூகுள் ஹோம் 2018-லும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒன்றை வாங்கி வந்து, இணைத்து, அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளை பஸ் ஏறிய மறுவாரம் அது மக்கர் செய்யத் தொடங்குகிறது. பாட்டு நடுவில் நிற்கிறது. அல்லது இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது. ஒரு மாதம் பார்த்துவிட்டு மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள்.

இது பாட்டோடு மட்டும் நிற்கும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சித்தூர், புத்தலப்பட்டு, திருப்பதிப் பக்கம் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும், தெருவில் தெலுங்கு. வீட்டுக்குள் காதில் விழுகிற தமிழ்தான் அவர்களுக்குத் தமிழ்ப் பாடம். பகல் முழுவதும் தனியாக இருக்கும் பாட்டிக்கோ அந்தக் குரல் ஒரு துணை. அதனால் பரண்மேல் போடுவதற்கு முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் அலையைப் பற்றிக் கொஞ்சம். எண்பதுகளில் சென்னை வானொலியை மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். மலை, வீடு, மாமரம் எதையும் அது பொருட்படுத்தாது. நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் கடந்து நம் அடுப்பங்கரைக்குள் வந்து பேசியது. வைஃபை அலை 2.4 ஜிகாஹெர்ட்ஸ். அதன் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் அதிலும் பாதிக்குக் குறைவு. இவ்வளவு குட்டை அலைக்கு ஒரு கருங்கல் சுவரே பெரிய மலைதான். சுவர், கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதை விழுங்கும் அல்லது திருப்பி அடிக்கும். சென்னையிலிருந்து வந்த குரல் கூடத்திலிருந்து பூஜை அறைக்கு வரத் திணறுவதன் காரணம் இதுதான்.

நான் ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் வேலை பார்த்தவன். கண்ட்ரோல் லைன் செத்துவிட்டால் நாங்கள் முழு லைனையும் நடந்து பார்க்க மாட்டோம். நடுவில் ஒரு ஸ்டேஷனில் பிரித்து, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சோதிப்போம். வீட்டுக்கும் அதே முறை போதும். வெளியிலிருந்து வரும் ஃபைபர், ரௌட்டர், நடுவில் காற்று, கடைசியில் ஸ்பீக்கர், இவ்வளவுதான் லைன்.

உங்கள் செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று அதே பாட்டைப் போனில் போடுங்கள். போன் நிற்காமல் பாடுகிறதா? அப்படியானால் ஃபைபரும் காற்றும் பெரும்பாலும் சரி. ஸ்பீக்கரையோ அதற்கும் ரௌட்டருக்கும் உள்ள பழக்கத்தையோ பார்க்க வேண்டும். போனும் திக்குகிறதா? நேராக ரௌட்டர் அருகில் போய் நில்லுங்கள். அங்கே சரியாகிவிட்டால் கோளாறு நடுவிலுள்ள காற்றில். அங்கேயும் திக்கினால் வெளி லைனில். கேபிள்காரருக்குப் போன் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ராடார்தான் கெடுக்கிறது என்று ஓர் அன்பர் என்னிடம் அடித்துச் சொன்னார். அந்த ராடார் வேலை செய்வது 53 மெகாஹெர்ட்ஸில். நம் ரௌட்டர் இருப்பது 2400-க்கு மேல். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

புத்தலப்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். முன்பக்கம் புதிதாகக் கட்டிய கான்கிரீட் கூடம்; பின்பக்கம் ஒன்றரை அடிக் கல்சுவர் வைத்த பழைய வீடு. ரௌட்டர் கூடத்து டி.வி.க்குப் பின்னால், பக்கத்தில் இரும்பு பீரோ. ஸ்பீக்கர் பின்கட்டுப் பூஜை அறையில். "பாதியிலேயே வாயை மூடிக்குதுப்பா, தெலுங்குன்னா நிக்காம பாடுமோ என்னமோ" என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். மகன் இன்னும் வேகமான மாதத் திட்டத்துக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தார். வேண்டாம் என்றேன். பாட்டுக்கு விநாடிக்கு 320 கிலோபிட் இருந்தாலே தாராளம். அந்த வீட்டுத் திட்டமோ 50 மெகாபிட். குழாயில் தண்ணீர் நிறைய வருகிறது. குடம்தான் எட்டாத இடத்தில் இருக்கிறது.

போனில் வைஃபை பலம் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அதில் பார்த்தால் ரௌட்டர் அருகில் கழித்தல் 42 டிபிஎம், பூஜை அறையில் கழித்தல் 79. இந்தக் கணக்கில் பத்துக்குப் பத்து மடங்கு. கழித்தல் 70 என்றாலே ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. 79 அதிலும் எட்டில் ஒன்று. கழித்தல் 50, 60 என்றால் நிம்மதி; 70 தாண்டினால் தகராறு. ரௌட்டரை எடுத்து, நீளமான கேபிள் போட்டு, இரு கட்டுக்கும் நடுவிலுள்ள வழிநடையில் கதவுக்கு மேலே வைத்தோம். பூஜை அறையில் கழித்தல் 61 வந்தது. பிறகு நிற்கவே இல்லை. செலவு கேபிளுக்கு மட்டும்தான்.

பலம் நன்றாக இருந்தும் இரவு ஏழு மணிக்கு மேல் திக்கினால் நெரிசல் என்று கொள்ளலாம். முன்பெல்லாம் ரேடியோ கேட்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டினோம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005 முதல் நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. அதனால் எல்லாரும் அதில்தான். பதின்மூன்று சானல் என்று பேர், ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்துச் சானல்கள் மேல் படுத்துக்கொண்டிருக்கும். ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 மூன்றே. அக்கம்பக்கத்தார் எதில் இருக்கிறார்கள் என்று அதே செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்ததை ரௌட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹெர்ட்ஸ்தான். ஸ்பீக்கரை அதன் தலையில் வைக்க வேண்டாம்.

போன் பாடி ஸ்பீக்கர் மட்டும் பாடாவிட்டால் பார்க்க வேண்டியவை வேறு. ரௌட்டரின் பெயரோ பாஸ்வேர்டோ மாறியிருக்கும். ஸ்பீக்கர் பழையதையே தேடிக்கொண்டிருக்கும். புது ரௌட்டர் வாங்கும்போது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே வைத்தால் பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள் எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய ஸ்பீக்கர் உள்ளே வராது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த முறையில் வையுங்கள். விலை குறைந்த ஸ்பீக்கர்கள் சில 2.4-ஐ மட்டுமே அறியும். அவற்றை முதன்முதல் இணைக்கும்போது போனையும் 2.4-இல் வைத்துக்கொள்வது நல்லது. விருந்தினர் வலையில் ஸ்பீக்கரைச் சேர்த்திருந்தால் போனால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வலையில் பெரும்பாலும் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தடுப்பு இருக்கும்.

கரண்ட் போய்வந்த பிறகு மட்டும் தகராறு என்றால் வரிசைதான் தப்பு. ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் எழுந்திருக்கச் சில நிமிஷம் ஆகும்; ஸ்பீக்கர் அதற்கு முன்பே விழித்து, தேடி, ஓய்ந்துவிடும். ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிஷம் கழித்துச் செருகினால் போதும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். வாங்கலாம். உங்கள் ரௌட்டர் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து வாங்குங்கள்.

ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் அதை ஸ்பீக்கர் இருக்கும் அறையிலேயே வைத்துவிடுகிறார்கள். வராத அலையை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், அலை இன்னும் கழித்தல் 60 அளவில் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் பெரிய வீட்டில் பின்கட்டுக்கு ஒரு கேபிளை இழுத்து அங்கே இரண்டாவது ரௌட்டரை வைப்பதே மேல். சாதாரண நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். இரண்டாவதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கூடத்துப் போனும் பூஜை அறை ஸ்பீக்கரும் தனித்தனி வலையில் மாட்டிக்கொள்ளும்.