கூதிர்ப் பாசறையும் காபூல் பனியும்

முன்னுரை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வாழும் நமக்குக் குளிர் என்பது மார்கழிப் பனியும் வாடைக்காற்றுமே. ஆயினும் குளிர்காலப் போர் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியர் வாகைத் திணையில் கூதிர்ப் பாசறையை ஒரு துறையாகவே வைத்துள்ளார். 188 அடிகள் கொண்ட நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடை வீசும் நள்ளிரவிலும் உறங்காத வேந்தன், பாசறையில் புண்பட்ட வீரர்களை நேரில் கண்டு ஆறுதல் அளிக்கிறான். படை நடத்துவோன் வீரனுக்குப் பட்ட கடனை உணர்த்தும் காட்சி அது. அதனை அளவுகோலாகக் கொண்டு, இந்தியர் பெருந்தொகையினராய் மாண்ட ஒரு குளிர்காலப் போரை, அதாவது 1839-42ஆம் ஆண்டுகளின் முதல் ஆங்கில-ஆப்கானியப் போரை, ஈண்டு ஆராய்வோம்.

போரின் காரணம்

மண்ணாசையால் பிறர் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சித் திணை. இப்போரிலோ ஆசையுடன் அச்சமும் கலந்திருந்தது. ருசியா ஆப்கானிஸ்தான் வழியே இந்தியாவை நெருங்கும் என அஞ்சிய தலைமை ஆளுநர் ஆக்லண்டு பிரபு, அந்நாட்டு அமீர் தோஸ்த் முகம்மதை நீக்கி, ஷா ஷுஜாவை 1839 ஆகஸ்டில் காபூல் அரியணையில் அமர்த்தினார். 1841இல் செலவைக் குறைக்க எண்ணிக் கில்சாய்த் தலைவர்களுக்கு அளித்துவந்த உதவித்தொகையை ஆங்கிலேயர் குறைத்தனர். கணவாய்களைக் காத்தவர்களே அவற்றை அடைத்தனர். நவம்பர் 2இல் காபூலில் கிளர்ச்சி வெடித்தது. பாசறைக்கு வெளியே இருந்த உணவுக்கிடங்கும் பறிபோயிற்று.

பனியில் மாண்டோர்

1842 சனவரி 6இல் ஏறத்தாழ 4,500 வீரரும் 12,000 ஏவலரும் அவர்தம் குடும்பத்தினரும் காபூலை விட்டுப் புறப்பட்டனர். சேரவேண்டிய ஜலாலாபாத் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வீரருள் ஐரோப்பியர் 700 பேர் அளவினரே. ஏனையோரிற் பெரும்பாலோர் அவத், பீகார்ச் சமவெளியின் உழவர்குடி இளைஞர். இன்று ஒரகடத் தொழிற்சாலைகளில் நம்மவரோடு உழைக்கும் வடபுல இளைஞர் பலருக்கும் அச்சமவெளியே தாயகம். அவர்களும் நம்மைப் போன்றே உறைபனி அறியாதவர்கள்.

முதல் இரவே பெரும்பாலோர் கூடாரமின்றிப் பனியில் கிடந்தனர். பழைய குதிரைப் போர்வைகளைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொள்ளலாம் என்று மேஜர் பாட்டிஞ்சர் சொன்ன யோசனை ஏற்கப்படவில்லை. கால்கள் மரத்தன; விரல்கள் துப்பாக்கியைப் பிடிக்க இயலாமற் போயின. கணவாய்களில் குண்டுகளும் பாய்ந்தன. பேச்சு நடத்தச் சென்ற தளபதி எல்பின்ஸ்டன் பிணையாகச் சிறைப்பட்டார். படை தலைமையின்றி அழிந்தது.

சனவரி 13இல் மருத்துவர் பிரைடன் ஜலாலாபாத்தை அடைந்தார். எலிசபெத் பட்லர் 1879இல் தீட்டிய ஓவியம், தளர்ந்த குதிரைமேல் வரும் அவரை உலகறியச் செய்தது. "ஒருவரே பிழைத்தார்" என்னும் கதையும் நிலைத்தது. உண்மையில் பனியால் கைகால் இழந்த இந்தியர் பலர் உயிரோடிருந்தனர். சிலர் காபூல் தெருக்களில் இரந்துண்டனர். சிலர் அடிமைகளாய் விற்கப்பட்டனர். அக்கதையில் அவர்களுக்கு இடமில்லை.

இழப்பும் பயனும்

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பழிதீர்க்கச் சென்ற படை, காபூலின் பெரிய கடைவீதியை அழித்தது. போரிடாத வணிகரும் அதனால் வாழ்விழந்தனர். பின்னர் 1843இல் தோஸ்த் முகம்மதே மீண்டும் அரியணை ஏறினார். போர்ச்செலவோ இந்திய மக்களின் வரிப்பணத்தின்மேல் விழுந்தது. வலியதோர் அரசு இத்தனை உயிரையும் பொருளையும் இழந்து, தொடங்கிய இடத்திற்கே திரும்பியது.

முடிவுரை

போரில் வீழ்ந்தவனுக்குப் பெயரும் பெருமையும் பொறித்து நடுகல் எடுத்தது தமிழர் மரபு. காபூல் சாலையில் மாண்ட தண்ணீர் சுமப்போர், சமையற்காரர், பெண்டிர், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களை எழுதிவைத்தார் அரியர். எனவே, வரலாறு பயிலும் மாணவர்கள் வென்றவர் யார் என்று வினவுவதோடு நில்லாமல், எண்ணப்படாதவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். புண்பட்ட வீரனை நள்ளிரவில் தேடிச் சென்ற வேந்தனைப் பாடிய மொழி நம்முடையது. அவ்வினாவை எழுப்பும் கடமையும் நமக்குண்டு.