வாடகை தராத குடித்தனம்

"சிவில் படிக்கிறவனுக்குப் பூச்சியைப் பத்தி என்னடா கட்டுரை?" என்று கேட்பீர்கள். காரணம் என் அம்மா. வீடு மூலக்குளத்தில், வேலை வில்லியனூர்ப் பக்கம் தோட்டங்களில் களை எடுப்பது, வெறுங்காலோடுதான். போன வருடம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை!

இந்தப் புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. ஈரமண்ணில் பொரித்த இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுகிறது. ஒரு வகைக் கொக்கிப்புழு நாளொன்றுக்கு 0.2 மி.லி. ரத்தம் வரை வீணாக்கும். நூறு புழு இருந்தால்? கணக்கு நமக்குப் புதிதல்ல.

உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு மண்வழிக் குடற்புழுக்கள் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை. இரண்டு வயதுக்குள் பாதி. (பத்தாவது படிக்கையில் அதை ஜன்னல் வழியே எறிந்த வீரர்களில் நானும் ஒருவன்.) தம்பிக்குப் பள்ளியில் கிடைத்தது. அம்மாவுக்கு யார் கொடுப்பார்? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் நடத்திய 'டிவார்ம் 3' ஆய்வில், சிறுவர்களைவிடப் பெரியவர்களிடமே கொக்கிப்புழு அதிகம் காணப்பட்டது. அதனால்தான் அங்கே ஊர் முழுக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்.

மாத்திரை உள்ளே இருப்பதைக் கொல்லும்; நாளை காலில் ஏறப்போவதைத் தடுக்காது. இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. செப்டிக் டேங்கில் எல்லாம் செத்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. புழு முட்டைகள் கனமானவை. அடியில் கசடோடு படிந்து கிடக்கும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்தக் கசடை லாரியில் உறிஞ்சி வயலில் கொட்டினால் நோய் வீட்டுக்கே திரும்பி வரும். இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒன்று நிரம்பியதும் மூடி, மற்றதற்குத் திருப்பிவிட்டு, இரண்டு வருடம் ஆறவிட்டால் முட்டைகள் பெரும்பாலும் மடிந்துவிடும். டிராயிங் ஹாலில் அதை மார்க்குக்காக மட்டுமே வரைந்தேன்!

மாத்திரை, மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை — அம்மாவுக்கு இப்போது 10.5. செருப்பு வாங்கிக் கொடுத்தேன். "போட்டா கால் வழுக்குதுடா" என்று வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்.