பூத்துக்கு மூன்று ஓட்டு

தேர்தல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! எந்தக் கொடி பிடித்தாலும் சரி, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

1. 794. இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். 2021-இல் கிருஷ்ணகிரித் தொகுதியில் அ.தி.மு.க.வின் அசோக்குமார், தி.மு.க.வின் செங்குட்டுவனை ஜெயித்தது இத்தனை ஓட்டில்தான். 300 பூத் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், பூத்துக்கு மூன்று ஓட்டுகூட வரவில்லை. ஒரு வீட்டைப் பார்க்காமல் விட்டாலே போச்சு.

2. கூட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 1991-இல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்தது பர்கூர். 1996-இல் அதே பர்கூர், முதலமைச்சராக இருந்தவரை தி.மு.க.வின் இ.ஜி.சுகவனத்திடம் தோற்க வைத்தது. அவருக்குக் கூடாத கூட்டமா?

3. சர்வே எடுக்க சிப்காட் கேட்டில் போய் நிற்காதீர்கள். அங்கே ஷிப்ட் விட்டு வருகிற பலருக்கு ஓட்டு வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் இருக்கும். வீடு வீடாகப் போங்கள். முதல் கேள்வி, “உங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?” அடுத்தது, “இந்தத் தடவை பட்டியல்ல பேர் பாத்தீங்களா?” யாருக்குப் போடுவீர்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர் வீட்டுக்கே சேர்த்துப் பதில் சொல்வார். அதை ஒரு ஓட்டாக மட்டும் எழுதுங்கள். அந்த வீட்டுப் பெண்களைத் தனியாகக் கேட்க ஒரு தங்கை போகட்டும்.

4. தளி, ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. கிருஷ்ணகிரி நகரத்தில் உருதுவும் உண்டு. நோட்டீஸை அச்சடித்துக் கொடுத்தால் போதாது. அந்தத் தெருவிலேயே பிறந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

5. கர்நாடக எல்லையில் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் பெயர் இருப்பதுண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் நமக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26. “ரெண்டு எடத்துலயும் போடலாமே” என்று யாராவது சிரித்தால், நீங்கள் சிரிக்காதீர்கள். அது குற்றம். இங்கேயே குடியிருப்பவர் என்றால் அங்கே பெயரை நீக்கச் சொல்லுங்கள். வேறு தொகுதியிலிருந்து குடிவந்தவருக்குப் படிவம் 8, முதல்முறை பெயர் சேர்ப்பவருக்குப் படிவம் 6. இதைத் தேர்தல் அறிவிக்கும் முன்பே முடியுங்கள்.

6. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு அங்கே அன்று வேலைநாளாக இருக்கும். முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் பேசி வைக்கச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரைத் தூங்கப் போகும் முன் பூத்துக்கு அனுப்புங்கள். எழுந்த பிறகு போகலாம் என்பவர் பெரும்பாலும் போவதில்லை.

7. ஏஜென்ட்டாக உட்காருகிறவர் ஏழு மணிக்குப் போனால் பயனில்லை. அதற்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடந்துவிடும். குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணி, விவிபேட் சீட்டோடு சரிபார்ப்பார்கள். பிறகு அத்தனையும் அழிக்க வேண்டும். திரையில் பூஜ்யம் வருகிறதா, விவிபேட் பெட்டி காலியா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

8. மாலையில் படிவம் 17சி நகலை வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். அந்த பூத்தில் பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும். எண்ணும் நாளில் மிஷின் காட்டும் தொகையோடு அது ஒத்துப்போக வேண்டும். முடிவுக்குப் பின் படிவம் 20-இல் பூத்வாரியாக யாருக்கு எத்தனை என்பது வெளிவரும். அதையும் உங்கள் சர்வே நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் தெரு உங்களிடம் ஒன்று சொல்லி வேறொன்று செய்தது என்று தெரியும். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த வாரமே அந்தத் தெருவுக்குப் போங்கள். ஓட்டு கேட்காத நாளில் வருகிற ஆளிடம்தான் ஜனம் உண்மையைச் சொல்லும்.