பட்டணத்தில் ஊர்ப் பெயர் தெரிந்தால் அலைச்சல் இல்லை



நம் குழு அக்கா ஒருவர், காய்ச்சலில் துவண்டுபோன பேரனைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார். மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று இருந்தது. ஆட்டோக்காரரிடம் அவர் சொன்னதோ, "பெரியாஸ்பத்திரிக்குப் போப்பா" என்பதுதான். நம் ஊரில் பெரியாஸ்பத்திரி ஒன்றுதான். சென்னையில் அப்படிச் சொன்னால் சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனை என்றுதான் நினைப்பார்கள். அங்கே வரிசையில் நின்று, விசாரித்து, மறுபடி எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அந்த அரை நாளை நினைத்தால் அக்காவுக்கு இன்னும் கண் கலங்குகிறது.

இது படிப்பு இல்லாததால் வந்த குறை இல்லை. பட்டணத்தின் பெயர்களே அப்படி. சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

1. கிளாம்பாக்கம் – கீழ்ப்பாக்கம்: கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. வண்டலூர் பக்கம் இருக்கிறது. தென்மாவட்ட பஸ்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். கீழ்ப்பாக்கம் நகரத்துக்கு உள்ளே இருக்கிறது. அங்கே அரசு மருத்துவமனை உண்டு. இரண்டுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்.

2. திருவான்மியூர் – திருவொற்றியூர்: இரண்டும் கடலோரம், இரண்டிலும் பெரிய சிவன் கோயில். முதலாவது தெற்கே, மற்றது வடக்கே. தப்பாக ஏறினால் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும்.

3. பூங்கா – பூங்கா நகர்: சென்ட்ரல் பக்கத்திலேயே உள்ள இரண்டு ரயில் நிலையங்கள். தாம்பரம் போக பூங்கா. வேளச்சேரி போக பூங்கா நகர்.

4. மாம்பலம்: ரயில் நிலையம் ஒன்றுதான். ஒரு பக்கம் இறங்கினால் தி.நகர் கடைத்தெரு. மறுபக்கம் இறங்கினால் மேற்கு மாம்பலம்.

5. ஒரே இடம், இரண்டு பெயர்: அண்ணா சாலையும் மவுண்ட் ரோடும் ஒன்றுதான். பரங்கிமலைக்குப் போகிற ரோடு என்பதால் மவுண்ட் ரோடு. ஆனால் அண்ணா நகர் வேறு பகுதி.

6. எழும்பூர்: இங்கே குழந்தைகளுக்கு, பிரசவத்துக்கு, கண்ணுக்கு என்று தனித்தனி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. "எழும்பூர் ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னால் போதாது.

நாம் என்ன செய்யலாம்?

• புறப்படுமுன் போகும் இடத்தின் முழுப் பெயர், தெருப் பெயர், பக்கத்தில் உள்ள அடையாளம் மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
• வாயால் சொல்வதோடு நிற்காமல் சீட்டையே கண்டக்டரிடமும் ஆட்டோக்காரரிடமும் காட்டுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.
• "நான் திருவான்மியூர் போகணும், வடக்கேயா தெற்கேயா?" என்று திசையும் கேளுங்கள்.
• ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு பேரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.
• ஆபத்தான நிலை என்றால் 108 ஆம்புலன்ஸ் இலவசம். பெண்களுக்கு உதவி எண் 181.

குழுக் கூட்டத்தில் பேச:

சென்னைக்குப் போய் வந்த உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும். குழப்பும் பெயர்களை ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். அடுத்து யார் வீட்டுப் பிள்ளைக்கு அவசரம் வருமோ, யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அந்த ஒரு பக்கம் அரை நாளை மிச்சப்படுத்தும்.