கணிப்பொறியில் தமிழ்

செஞ்சிக் கோட்டைக்கு அண்மையில் உள்ள மேல்மலையனூர், அங்காளம்மன் திருக்கோயிலால் புகழ் பெற்ற ஊராகும். அமாவாசைதோறும் இரவில் அங்கு நிகழும் ஊஞ்சல் விழாவைக் காண, பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். உழவே அவ்வட்டாரத்தின் முதன்மையான தொழில். இத்தகைய ஊர்களிலும் இன்று கணிப்பொறி புகுந்துவிட்டது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், சிற்றூர் மாணவர் பலர் தமக்கென ஒரு கணிப்பொறியைப் பெற்றனர்.

கணிப்பொறியைப் பெற்ற மாணவர் ஒருவர், தம் ஊரின் பெயரை அதில் தமிழில் எழுத விழைகிறார் எனக் கொள்வோம். அவர் எதிரே இருப்பதோ ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைப்பலகை. அதில் ‘மேல்மலையனூர்’ என்று எழுதுவது எங்ஙனம்? வினா சிறிதே. ஆயினும், அதற்கு விடை காணத் தமிழறிந்த பொறியாளர் பலர் பல நாடுகளிலும் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. அவர்தம் உழைப்பின் பயனாய்த் தோன்றிய மென்பொருள்களையும், அவற்றைச் செவ்வனே கையாளும் முறையையும் அறிதல் மாணவர்க்குப் பெரிதும் நன்மை தரும்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் குறித்து வைத்து, அவ்வெண்ணைத் தன் நினைவகத்தில் அது சேமிக்கிறது. மீண்டும் அவ்வெண்ணைக் காணும்பொழுது, அதற்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்துரைப்பதே குறியீட்டு முறை எனப்படும். வடிவங்களைத் தருவது எழுத்துரு. எண்களை வகுப்பதில் அனைவரும் ஒத்த கருத்தினராய் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தல் இயலும். அவ்வொற்றுமை இல்லையேல், எழுதியவரும் படிப்பவரும் ஒரே மொழியினராயினும் பயனில்லை.

தனியாள் கணிப்பொறி பரவத் தொடங்கிய காலத்தில் அவ்வொற்றுமை தமிழுக்கு வாய்க்கவில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம், மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி, யாவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். தமிழ்நாட்டிலும் எழுத்துருக்கள் பல தோன்றின. இவர்கள் யாவரும் தமிழுக்கு அருந்தொண்டு ஆற்றியவர்களே. ஆயினும் அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென வெவ்வேறு எண் வரிசைகளை வகுத்துக் கொண்டன. ஓர் எழுத்துருவில் ககரத்தைக் குறித்த எண், மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்தைக் குறித்தது.

இதனால் விளைந்த இடர் சிறிதன்று. ஓர் ஊரிலிருந்து வந்த தமிழ் மடலை மற்றோர் ஊரிற் படிக்க வேண்டுமாயின், எழுதியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருத்தல் வேண்டும். இல்லையேல், தமிழ்ச் சொற்கள் நிற்க வேண்டிய இடத்திற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் தோன்றும். அச்சகங்களிலும் இதழ்களிலும் அரும்பாடுபட்டுக் கோத்த நூல்கள், அவற்றிற்குரிய எழுத்துரு மறைந்தவுடன் திறவுகோல் இழந்த பெட்டி போலாயின. ஓலைச்சுவடியைச் செல்லரிப்பது போலவே, குறியீட்டு வேற்றுமை கணிப்பொறி நூலையும் அழிக்க வல்லது என்பதைத் தமிழர் அப்பொழுது உணர்ந்தனர்.

விசைப்பலகையிலும் இதே வேற்றுமை நிலவியது. தட்டச்சுப் பொறியின் முறையைச் சிலர் பின்பற்றினர். தமிழொலியை ஆங்கில எழுத்தால் தட்டும் முறையைச் சிலர் கொண்டனர். வேறு முறைகளும் வழக்கில் இருந்தன. இவற்றை ஒழுங்குபடுத்தும் நோக்கத்துடன் அறிஞர் 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியிற் சென்னையிலும் மாநாடு கூடி ஆராய்ந்தனர். சென்னை மாநாட்டின் பயனாய், அவ்வாண்டிலேயே ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு பொதுமுறையாக ஏற்றது.

தமிழ் 99 முறை தமிழிலக்கணத்தை அடியாகக் கொண்டது. பன்னிரண்டு உயிரெழுத்துகளும் இடக்கையின் பக்கம் அமைந்துள்ளன. பதினெட்டு மெய்களுக்குரிய அகர உயிர்மெய்கள் பெரும்பாலும் வலக்கையின் பக்கம் உள்ளன. இவற்றுடன் புள்ளிக்கு ஒரு விசையும் உண்டு. ககரத்தைத் தட்டியபின் ஆகாரத்தைத் தட்டினால் ‘கா’ தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்று இலக்கண வகுப்பில் கற்பதையே விரல்களும் செய்கின்றன. ஆகவே, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் எழுதச் சில குறிகளே போதுமானவை.

மேலே கூறிய மாணவர் தம் ஊர்ப்பெயரை இம்முறையில் எழுதுவதைக் காண்க. ம, ஏ, ல, புள்ளி, ம, ல, ஐ, ய, ன, ஊ, ர, புள்ளி எனப் பன்னிரண்டு முறை தட்டினால் ‘மேல்மலையனூர்’ என்பது திரையில் முழுமையுற நிற்கும். ‘அங்காளம்மன்’ என்று எழுதுவது இன்னும் எளிது. அ, ங, க, ஆ, ள, ம, ம, ன, புள்ளி என்னும் ஒன்பதே போதும். ஙகரத்தை அடுத்து அதன் இனமாகிய ககரம் வந்தால், முன்னதற்கு மென்பொருள் தானே புள்ளியிடும். ஒரே மெய் இரட்டித்து வரினும் அவ்வாறே முதலெழுத்து புள்ளி பெறும். அங்ஙனம் புள்ளி வேண்டாத ‘மமதை’ போன்ற சொற்களில், முதல் மகரத்தை அடுத்து அகர விசையைத் தட்டுதல் வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் பயின்றால், விசைப்பலகையைப் பாராமலே எழுதும் பழக்கம் கைவரும்.

விசைப்பலகை ஒன்றானால் மட்டும் போதாது. எண்ணும் ஒன்றாதல் வேண்டுமன்றோ? அக்குறையைப் போக்கியது யூனிகோடு. தமிழில் இதனை ஒருங்குறி என்பர். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்குவது இதன் நோக்கம். 1991ஆம் ஆண்டில் வெளியான இதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. ஒருங்குறியில் அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. மேல்மலையனூரிலும், யாழ்ப்பாணத்திலும், கோலாலம்பூரிலும், இலண்டனிலும் அவ்வெண்கள் அவ்வெழுத்துகளையே குறிக்கும். எழுத்துரு மாறினும் எழுத்து மாறுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, தமிழ் ஒருங்குறிக்கு இடமளித்தது. 2010ஆம் ஆண்டில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற சூன் திங்களில், தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறியால் விளையும் மற்றொரு நன்மை தேடுதலாகும். பழைய எழுத்துருக்களில் ‘மே’ என்பதை எழுதும்பொழுது, ஏகாரக் குறி முதலிலும் மகரம் பின்னரும் சேமிக்கப்பட்டன. கண்ணாற் காணும் வரிசை அது. ஒருங்குறியிலோ மகரம் முதலிலும் ஏகாரக் குறி பின்னரும் நிற்கும். நாவால் ஒலிக்கும் வரிசை இது. எண்ணும் வரிசையும் எங்கும் ஒன்றாய் இருத்தலின், ஆயிரம் பக்க நூலிலும் ஒரு சொல்லை நொடிப்பொழுதிற் கண்டறிய முடிகிறது.

இனி, மாணவர்க்குப் பயன்படும் கருவிகள் சிலவற்றைக் காண்போம். தமிழ் எழுத உதவும் மென்பொருள்களுள் ஒன்று இ-கலப்பை. தமிழ் ஆர்வலர் தாமே முன்வந்து ஆக்கி, விலையின்றி வழங்கியது இது. நிலத்தை உழக் கலப்பை உதவுவது போல எழுத்தை உழ இது உதவுதலின், இப்பெயர் சாலப் பொருந்தும். என்.எச்.எம். ரைட்டர் என்பதும் இத்தகையதே. இப்பொழுது விண்டோசின் புதிய பதிப்புகளில் தமிழ் 99 விசைப்பலகை உடன் அமைந்தே வருகிறது. அமைப்புப் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பழைய குறியீட்டில் எழுதியவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் உள்ளன. சுரதா ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி அவற்றுள் பலரும் அறிந்தது. திறவுகோல் இழந்த பெட்டிகளுக்கு இம்மாற்றிகளே புதிய திறவுகோல். பிழை திருத்தவும் கருவிகள் உண்டு. நீச்சல்காரன் என்னும் புனைபெயருடைய மென்பொருளாளர், ஒற்றுப் பிழைகளைச் சுட்டும் நாவியையும், எழுத்துப் பிழைகளைச் சுட்டும் வாணியையும் படைத்தார். ஆயினும் கருவி சுட்டுவதெல்லாம் பிழையன்று; சுட்டாது விடுவதெல்லாம் சரியுமன்று. இலக்கணம் கற்றவரே கருவியின் கூற்றைச் சீர்தூக்கிக் கொள்ள வல்லவர்.

இக்கருவிகளால் நிகழ்ந்த அருஞ்செயலுக்கு மதுரைத் திட்டம் சான்றாகும். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். தொடக்கத்திற் பழைய குறியீடுகளில் இருந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. பெருநகர நூலகத்தை நாடிச் செல்ல இயலாத சிற்றூர் மாணவரும், இன்று சங்க நூல்களையும் காப்பியங்களையும் தம் வீட்டிலிருந்தே விலையின்றிப் படிக்கலாம்.

கருவியைப் பெறுதலினும் அதனைப் பேணுதல் அரிது. மென்பொருளை அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். அறியாத இடத்திலிருந்து பெறுவது, கணிப்பொறிக்கு ஊறு விளைக்கும் நச்சுநிரலையும் உடன் கொணரக்கூடும். எழுதியவற்றை ஒருங்குறியிலேயே சேமித்தல் வேண்டும். அரிய எழுத்துகளுக்குப் படி ஒன்று எடுத்து, வேறொரு வட்டிலோ நினைவுக் கோலிலோ வைத்தல் வேண்டும். ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே நாளில் அழியும். பழைய கோப்பை மாற்றியபின், மூலத்தை உடனே அழித்துவிடலாகாது; மாற்றியதை வரிவரியாய் ஒப்புநோக்கிய பின்னரே அதன் திருத்தத்தை நம்புதல் தகும்.

மேல்மலையனூர் என்னும் பெயரை இன்று பன்னிரண்டு தட்டுகளில் எழுதிவிடலாம். அதனைப் பெற்ற எந்நாட்டவரும் அப்பெயரை அவ்வண்ணமே படிப்பர். இவ்வெளிமை தானே வந்ததன்று. தம்முடைய முறையே நிலைத்தல் வேண்டும் என்னும் பற்றை விடுத்து, யாவர்க்கும் பொதுவான ஒன்றை ஏற்ற பலரின் ஒற்றுமையால் வந்தது அது. சிறந்த கருவியைச் செய்வது திறமை. அதனைப் பொதுவாக்குவது பெருந்தன்மை. இவ்விரண்டையும் பெற்ற மாணவர், தமிழுக்குப் புதிய கருவிகளைத் தாமே ஆக்கித் தருவர் என்பது உறுதி.